குரலை மறைப்பது ஏன் இவ்வளவு கடினம்: ஸ்கிராம்ப்ளர் முதல் இணைய அழைப்பு வரை

எழுத்தில் உள்ள செய்தியைச் சங்கேதமாக மாற்றும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பேசும் குரலை, ஒட்டுக்கேட்பவர் எந்த வகையிலும் மீட்க முடியாதபடி மறைக்க முடிந்ததோ 1943-இல்தான். குரல் எழுத்தெழுத்தாக வருவதில்லை, விடாத அலையாக வருகிறது. அதன்மேல் கணக்குப் போட வேண்டுமானால் முதலில் அதை எண்களாக்க வேண்டும். எண்களாக்கியதும் அளவு பெருகிவிடுகிறது. கம்பியிலும் வானலையிலும் அதற்கு இடம் போதாது. சுருக்கினால் பேசுபவர் யாரென்றே தெரியாமல் போகிறது. மறுமுனையில் சாவி, அதாவது மறைக்கவும் மீட்கவும் இரு தரப்பும் பகிரும் ரகசிய எண்கள், ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலும் காதில் விழுவது வெறும் இரைச்சல். இவ்வளவும் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முடிய வேண்டும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது தொலைபேசிப் பொறியியலில் பழகிய அளவு.

ஆகவே குரல் மறையாக்கத்தின் கதையில் மறையாக்கச் சூத்திரத்துக்கு இருக்கும் பங்கு பலர் நினைப்பதைவிடக் குறைவு. குரலை எண்ணாக்குவது, இரு முனைகளையும் ஒத்திசைய வைப்பது, சாவியைக் கொண்டு சேர்ப்பது ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலான உழைப்பும் போயிற்று, பெரும்பாலான கசிவுகளும் நேர்ந்தன.

அலையைப் புரட்டிய காலம்

எண்ணாக்க வழியில்லாத நாட்களில் அலையையே புரட்டிப் பார்த்தார்கள். அதைச் செய்யும் கருவிக்கு ஸ்கிராம்ப்ளர் என்று பெயர். மிக எளிய முறை அதிர்வெண்ணைத் தலைகீழாக்குவது. தொலைபேசிக் குரல் ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். அதை 3300 ஹெர்ட்ஸ் அலையோடு கலந்து கீழ்ப் பக்கத்தை மட்டும் எடுத்தால் 300 ஹெர்ட்ஸ் 3000 ஆகும், 1000 ஹெர்ட்ஸ் 2300 ஆகும். கேட்பவருக்கு உளறல்போல் இருக்கும். ஆனால் இங்கே சாவி என்பது அந்த 3300 என்ற ஓர் எண்தான். அதை ஊகித்து மறுபடி கலந்தால் குரல் திரும்பிவிடும். கருவியே இல்லாமல், பயிற்சி பெற்ற காது சில சொற்களைப் பிடித்துவிடுவதும் உண்டு.

அடுத்து வந்தது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டியின் ஏ-3. குரல் அலையை ஐந்து பட்டைகளாகப் பிரித்து, இடம் மாற்றி, சிலவற்றைத் தலைகீழாக்கும் கருவி இது. கணக்குப்படி 3840 அமைப்புகள் சாத்தியம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பேச்சைப் போதிய அளவு குலைப்பதில்லை. நடைமுறையில் பயன்பட்டவை ஆறே ஆறு. அவை 20 நொடிக்கு ஒருமுறை மாறி, 36 படிகளில், அதாவது 12 நிமிடத்தில், ஒரு சுற்றை முடிக்கும். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் கடந்து பேசியது இந்தக் கருவி வழியாகத்தான். ஜெர்மன் அஞ்சல் துறையின் பொறியாளர்கள் நெதர்லாந்துக் கடற்கரையில் ஒரு நிலையம் அமைத்து, 1942-இல் அந்தப் பேச்சை நடக்கும்போதே பிரித்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

பட்டைகளைக் கலைத்தாலும் குரலின் ஏற்ற இறக்கமும், சொல்லுக்குச் சொல் விழும் இடைவெளியும், சத்தத்தின் கூடுதல் குறைவும் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒட்டுக்கேட்பவருக்கு அவையே பிடிமானம். இந்த ஒரு குறை எண்பது ஆண்டுகள் கழித்தும் வேறு வடிவில் திரும்பத் திரும்ப வருவதைப் பின்னால் பார்க்கலாம்.

சிக்சாலி

பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி 1930-களில் உருவாக்கிய வோக்கோடர், இராணுவ ரகசியத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. கம்பியில் இடத்தை மிச்சப்படுத்தவே செய்யப்பட்டது. அதன் அடிப்படை இதுதான்: குரல் அலை வேகமாக அதிர்ந்தாலும், அதை வடிவமைக்கும் வாயும் நாக்கும் மெதுவாகத்தான் அசைகின்றன. எனவே அலையை அனுப்பாமல், ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, குரல்வளையின் சுருதி எவ்வளவு என்ற அளவுகளை மட்டும் அனுப்பினால் போதும். மறுமுனையில் ஓர் இயந்திரம் அவற்றை வைத்துக் குரலைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

இந்த அளவுகள் மெதுவாக மாறுபவை என்பதால் அவற்றை எண்ணாக்குவது அன்றைய கருவிகளுக்கும் எட்டியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய சிக்சாலி என்ற குரல் மறையாக்க அமைப்பு அதன்மேல் எழுந்தது. பத்துத் தடங்கள் குரலின் பட்டைகளுக்கு, இரண்டு தடங்கள் சுருதிக்கு. ஒவ்வொரு தடத்தையும் நொடிக்கு 50 முறை அளந்து, அளவை 0 முதல் 5 வரையிலான ஆறு படிகளில் ஒன்றாக்கினார்கள். ஆறு படி சுருதிக்குப் போதவில்லை. சுருதி சற்றே தவறினாலும் காதுக்கு உறுத்தும் என்பதால், அதற்கு இரண்டு ஆறுகளைப் பெருக்கி 36 படிகள் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் மொத்தம் நொடிக்குச் சுமார் 1550 பிட்.

மறைத்த விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குரலின் அளவு 4, சாவியின் எண் 5 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 9, ஆறால் வகுத்த மீதி 3. வானலையில் போவது 3. பெறுபவர் 3-லிருந்து 5-ஐக் கழித்தால் −2. ஆறைச் சேர்த்தால் 4 கிடைத்துவிடும். மீதி எடுக்காமல் வெறுமனே கூட்டி அனுப்பினால் என்ன ஆகும்? 10 வந்தால் இரண்டும் 5 என்று ஒட்டுக்கேட்பவருக்கு உறுதியாகத் தெரியும். 0 வந்தால் இரண்டும் 0. மீதி எடுத்தபின் எந்த எண் வந்தாலும் அது ஆறு வழிகளில் சம வாய்ப்போடு வந்திருக்கக்கூடும். அதிலிருந்து எதையும் அறிய முடியாது. முழுத் தற்செயலான சாவியை ஒரே ஒருமுறை பயன்படுத்தினால் இந்தக் காப்பு கணிதப்படி முழுமையானது என்று, இந்தப் பணியோடு தொடர்புடைய கிளாட் ஷானன் 1949-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார்.

சாவி எங்கிருந்து வந்தது? பாதரச ஆவி வால்வுகளின் மின் இரைச்சலிலிருந்து. அதை 20 மில்லிநொடிக்கு ஒருமுறை அளந்து ஆறு படியாக்கி இசைத்தட்டில் பதிந்தார்கள். ஒரு தட்டு 12 நிமிடம் ஓடும். ஒரே மாதிரியான இரண்டு தட்டுகள்தான் செய்யப்படும்: ஒன்று வாஷிங்டனுக்கு, மற்றது லண்டனுக்கு. பயன்படுத்தியதும் அழித்துவிட வேண்டும். குறித்த நொடியில் இரு கண்டங்களிலும் தட்டுகளைச் சுழலவிட்டு, படிக அலையியற்றியின் துல்லியத்தில் மோட்டாரை ஓட்டி, ஒத்து வரும் வரை நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். முதல் தட்டு முடியும் முன்பே அடுத்த தட்டு தயாராக இருக்க வேண்டும்.

1943 ஜூலை 15 அன்று பென்டகனுக்கும் லண்டனுக்கும் இடையே இது வேலை செய்யத் தொடங்கியது. ஒரு முனையத்துக்கு 40 அடுக்குச் சட்டங்கள், சுமார் 50 டன் எடை, 30 கிலோவாட் மின்சாரம், இயக்குவதற்குப் பதின்மூன்று பேர். லண்டனில் செல்பிரிட்ஜஸ் கடையின் நிலவறையில் வைத்து, சர்ச்சிலின் போர்க்கால அறைக்குக் கம்பி இழுத்தார்கள். இதைப் பரிசோதிக்க பிரிட்டன் அனுப்பிய ஆலன் டூரிங், திரும்பியபின் டான் பெய்லியுடன் சேர்ந்து டிலைலா என்ற சிறிய கருவியைச் செய்தார். அது வேலை செய்தது. ஆனால் போர் முடிந்துவிட்டதால் பயன்பாட்டுக்கு வரவில்லை. சிக்சாலி பற்றிய விவரம் 1976 வரை வெளியே வரவில்லை. பேச்சை எண்ணாக்கி அனுப்புவது, பல படி அதிர்வெண் மாற்றம் போன்ற, இன்று எங்கும் பயன்படும் நுட்பங்கள் முதலில் புழக்கத்துக்கு வந்தது அந்த நிலவறைகளில்தான் என்பது அதனால் நெடுங்காலம் தெரியாமலே இருந்தது.

2400 பிட்டுக்குள் ஒரு குரல்

போருக்குப் பின் டிரான்சிஸ்டர் வந்து எடை குறைந்தது. இடப் பிரச்சினை தீரவில்லை. தொலைபேசித் தரத்தில் குரலை அப்படியே எண்ணாக்கினால் நொடிக்கு 8000 மாதிரி (அலையை ஒருமுறை அளந்த அளவு), மாதிரிக்கு 8 பிட், ஆக 64,000 பிட். சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் மோடம் நம்பகமாக அனுப்ப முடிந்தது 2400 பிட். எனவே இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று, அகலமான வானலைத் தடத்தில் தரமான குரல். மற்றது, சாதாரணக் கம்பியில் மோசமான குரல்.

முதல் பாதையில் போன அமெரிக்க நெஸ்டர் கருவிகள் வியட்நாம் போரில் களத்துக்குப் போயின. மறையாக்கம் வலுவாகத்தான் இருந்தது. ஆனால் முதுகில் சுமக்கும் கேஒய்-38, ரேடியோவோடு சேர்ந்து 25 கிலோவை நெருங்கியது. வாகனத்தில் வைத்த கேஒய்-8 வெப்பத்தில் அடிக்கடி நின்றது. பேசும் பொத்தானை அழுத்தியபின் கருவிகள் ஒத்திசையச் சற்று நேரம் பிடித்ததால் முதல் சொற்கள் வெட்டுப்பட்டன. சாவியை ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே அமைக்க வேண்டியிருந்தது. படையினர் பலர் கருவியை விட்டுவிட்டுத் திறந்த வானலையில் பேசினார்கள். பயன்படுத்தச் சிரமமான காப்பு, காப்பே இல்லாததற்குச் சமம்.

இரண்டாம் பாதைக்குக் கை கொடுத்தது நேர்கோட்டு முன்கணிப்பு. பெல் ஆய்வகத்தின் பிஷ்ணு அடலும் ஜப்பானில் இட்டாகுராவும் 1960-களின் பிற்பகுதியில் தனித்தனியே வளர்த்த முறை இது. குரலின் ஒவ்வொரு மாதிரியையும் அதற்கு முந்திய சில மாதிரிகளை வைத்துக் கணித்துவிடலாம். கணிக்கும் எண்களை மட்டும் அனுப்பினால் போதும். இதன் அடிப்படையில் அமைந்த எல்பிசி-10 தரத்தில் ஒரு சட்டகம், அதாவது ஒரே தடவையில் எண்ணாக்கும் குரல் துண்டு, 22.5 மில்லிநொடி நீளம், அதற்கு 54 பிட். வாயின் வடிவத்தைச் சொல்லும் பத்து எண்களுக்கு 41 பிட், சத்த அளவுக்கு 5, சுருதிக்கு 7, ஒத்திசைவுக்கு 1. பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சரியாக 2400.

1987-இல் வந்த அமெரிக்க அரசின் எஸ்டியு-3 பாதுகாப்புத் தொலைபேசி மேசைமேல் அடங்கியது, இலட்சக்கணக்கில் தயாரானது. அழைப்பு கிடைத்ததும் சாவி வடிவிலான ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, பாதுகாப்புப் பொத்தானை அழுத்தினால் இரு கருவிகளும் சில நொடிகள் பேசிப் புதிய சாவியை ஏற்படுத்திக்கொள்ளும். எதிர்முனை யார், எந்த அளவு ரகசியம் வரை பேசலாம் என்பது திரையில் தெரியும். இந்தத் திரைக்குத் தனி அவசியம் இருந்தது. 2400 பிட்டில் எல்லோர் குரலும் இயந்திரக் குரலாகவே கேட்கும். பேசுவது யாரென்று காதை நம்பிச் சொல்ல முடியாது.

கைபேசியில் காப்பு எங்கே முடிகிறது

இரண்டாம் தலைமுறைக் கைபேசித் தரமான ஜிஎஸ்எம் வந்தபோது மறையாக்கம் முதன்முறையாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது. ஆனால் அது கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே மட்டும். கோபுரத்துக்கு அப்பால் பேச்சு திறந்தே போகும். பயன்படுத்திய ஏ5/1 சூத்திரத்தின் சாவி 64 பிட். நடைமுறையில் அதில் 10 பிட் சுழியமாகவே வைக்கப்பட்டதால் 54 பிட்தான் மிச்சம். வேறு சந்தைகளுக்கென்று கொடுத்த ஏ5/2 அதைவிடப் பலவீனமாக வடிவமைக்கப்பட்டது.

இதில் பொறியாளர்கள் மனதில் வைக்க வேண்டிய பிழை வேறொன்று. ஜிஎஸ்எம், வழியில் கெடும் பிட்டுகளை மீட்க உதவும் பிழைதிருத்தக் குறிகளை முதலில் சேர்த்துவிட்டு அதன்பின் மறையாக்கம் செய்கிறது. அழைப்பை நிர்வகிக்கும் செய்திகள் போகும் கட்டுப்பாட்டுத் தடத்தில் 184 பிட் செய்தி, பிழைதிருத்தத்துக்குப் பின் 456 பிட் ஆகிறது. கூடுதலான 272 பிட்டும் முந்தைய பிட்டுகளிலிருந்து கணக்கிட்டு வந்தவை. செய்தி என்னவென்று தெரியாவிட்டாலும், பிட்டுகளுக்கு இடையே இந்த உறவு இருந்தே தீரும் என்பது ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியும். ஆகவே மறையாக்கப்பட்ட தரவிலிருந்தே சாவித்தொடரை, அதாவது சாவியிலிருந்து பிறந்து செய்தியோடு கூட்டப்படும் பிட் வரிசையை, பற்றி 272 சமன்பாடுகள் கிடைத்துவிடுகின்றன. 2003-இல் பார்க்கன், பிஹாம், கெல்லர் ஆகியோர் இதை வைத்தே தாக்குதலைக் காட்டினார்கள். வரிசையை மாற்றி, முதலில் மறைத்துவிட்டுப் பின்பு பிழைதிருத்தம் சேர்த்திருந்தால் இந்த வழி அடைந்திருக்கும்.

நான்காம் தலைமுறையில் சூத்திரம் வலுவானது. இருந்தும் 2020-இல் ரிவோல்டி என்ற தாக்குதல் வெளியானது. சில கோபுரங்கள், ஓர் அழைப்பு முடிந்து உடனே அடுத்தது தொடங்கும்போது, அதே சாவியோடு, அனுப்பும் தரவுத் துண்டுகளை எண்ணும் எண்ணியையும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கின. அதனால் இரண்டு அழைப்புகளுக்கும் ஒரே சாவித்தொடர். தாக்குபவர் முதல் அழைப்பை மறையாக்க நிலையிலேயே பதிவு செய்துவிட்டு, அது முடிந்ததும் அதே நபரைத் தானே அழைத்துப் பேச்சுக் கொடுப்பார். இரண்டாம் அழைப்பின் உள்ளடக்கம் அவருக்குத் தெரியும் என்பதால் சாவித்தொடர் கிடைத்துவிடும். அதை வைத்து முதல் அழைப்பைத் திறக்கலாம். சிக்சாலி தட்டுகளை ஒருமுறைக்குமேல் ஓட்டக்கூடாது என்று வைத்த விதியின் காரணம் இதுவேதான்.

காவல்துறை, அவசரச் சேவைகளின் ரேடியோக்களுக்கும் விதிவிலக்கில்லை. டெட்ரா அமைப்பின் டிஇஏ1 சூத்திரம் 80 பிட் சாவியை உள்ளே 32 பிட்டாகச் சுருக்கிவிடுகிறது என்பது 2023-இல் வெளியானது. 32 பிட் என்றால் சுமார் 429 கோடி வாய்ப்புகள். சாதாரணக் கணினி அதை முழுதும் சோதித்துவிடும். இதுபோன்றவற்றைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தே குறைத்து, சூத்திரத்தை மூடி வைத்து, பாதுகாப்பானது என்று விற்றது இது.

இணைய அழைப்பின் ஒரு பாக்கெட்

இன்று பெரும்பாலான இணைய அழைப்புகளைக் காப்பது எஸ்ஆர்டிபி. 2004-இல் வெளியான இந்தத் தரத்தில் ஒரு பாக்கெட்டை, அதாவது குரலைச் சுமந்து போகும் ஒரு தரவுத் துண்டை, பிரித்துப் பார்ப்போம். ஓபஸ் என்ற கோடெக் (குரலைச் சுருக்கி எண்ணாக்கும் மென்பொருள்) 24 கிலோபிட்டில், 20 மில்லிநொடிக்கு ஒரு சட்டகம் என்றால் குரலுக்கு 60 பைட். பாக்கெட்டின் வரிசையையும் முகவரியையும் சொல்லும் தலைப்புகளில் ஆர்டிபி 12, யுடிபி 8, ஐபி 20. முடிவில் செய்தி மாறவில்லை என்பதைச் சரிபார்க்கும் முத்திரை 10 பைட். மொத்தம் 110 பைட், நொடிக்கு 50 பாக்கெட், ஆக 44 கிலோபிட். மறையாக்கத்தால் கூடிய சுமை அந்த 10 பைட் மட்டும்.

மறைப்பதற்கு ஏஇஎஸ் என்ற மறையாக்கச் சூத்திரத்தை, வரிசை எண்ணிலிருந்து சாவித்தொடரை உண்டாக்கும் எண்ணி முறையில் ஓட்டுகிறார்கள். முந்தைய பாக்கெட்டைச் சார்ந்திருக்கும் சங்கிலி முறைகள் குரலுக்கு ஒத்துவராது. வழியில் ஒன்று தொலைந்தால் அடுத்ததும் கெட்டுவிடும். எண்ணி முறையில் ஒவ்வொரு பாக்கெட்டும் தன் வரிசை எண்ணை வைத்தே தனியாகத் திறக்கும். விலை என்னவென்றால், ஒரே சாவியில் ஒரே எண் இருமுறை வரவே கூடாது. இரண்டு குரலோடைகள் ஒரே மூல அடையாள எண்ணோடும் (அனுப்புவது எந்த ஓடை என்று பாக்கெட்டில் குறிக்கும் எண்) ஒரே முதன்மைச் சாவியோடும் ஓடினால் ரிவோல்டி நிலைமைதான்.

இந்த வரிசை எண்ணில் நடைமுறைச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. பாக்கெட்டில் இருப்பது 16 பிட் எண் மட்டும். 65,536 பாக்கெட்டுக்குப் பின் அது சுழியத்துக்குத் திரும்பும். எத்தனை முறை திரும்பியது என்ற கணக்கைப் பாக்கெட்டில் அனுப்புவதில்லை. இரு முனையும் தாமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 50 பாக்கெட் என்றால் இந்தச் சுற்று சுமார் 22 நிமிடம். தொடக்க எண்ணை 32,768-க்குள் தற்செயலாக எடுப்பது வழக்கம் என்பதால் முதல் திரும்பல் 11 முதல் 22 நிமிடத்துக்குள் வரும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த அழைப்பு இந்த நேரத்தில் திடீரென ஊமையானால், அல்லது அரை மணி கழித்துச் சேர்ந்தவருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திரும்பல் கணக்கைத்தான். பதிவேட்டில் முத்திரைச் சரிபார்ப்புத் தோல்விகள் வரிசையாகக் குவிந்திருக்கும்.

பூட்டிய பாக்கெட்டிலும் கசிவு

மறையாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும், நீளத்தை மறைக்காது. மாறும் வேகத்தில் ஓடும் கோடெக், உயிரொலிகளுக்கு அதிக பைட்டும் மெல்லிய ஒலிகளுக்குக் குறைந்த பைட்டும் செலவிடும். எனவே பாக்கெட் நீளங்களின் வரிசையே பேச்சின் நிழலாகிவிடுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் இந்த நீளங்களை வைத்தே பேசப்படும் மொழியையும், 2008-இல் குறிப்பிட்ட சொற்றொடர்களையும் அடையாளம் கண்டார்கள். சாவியைத் தொடவே இல்லை. மாற்று எளிது: கோடெக்கை நிலையான பிட் வேகத்தில் ஓட்டுவது, மௌனத்தில் பாக்கெட் அனுப்புவதை நிறுத்தும் வசதியை அணைத்துவிடுவது. கொஞ்சம் அலைவரிசை வீணாகும். ரகசியம் முக்கியமான இடத்தில் அந்தச் செலவுக்குத் தயங்கக் கூடாது.

இதைவிடக் கவனம் தப்புவது தலைப்புப் பகுதி. எஸ்ஆர்டிபி குரலை மறைக்கிறது. ஆர்டிபி தலைப்பைத் திறந்தே விடுகிறது. குழு அழைப்பில் யார் பேசுகிறார் என்று சர்வர் அறிய, பல செயலிகள் ஒவ்வொரு பாக்கெட்டின் சத்த அளவையும் 0 முதல் 127 வரையிலான எண்ணாகத் தலைப்பில் வைக்கின்றன. நொடிக்கு 50 முறை, யாரும் படிக்கும்படி. ஏ-3 ஸ்கிராம்ப்ளரில் ஒட்டுக்கேட்பவருக்குப் பிடிமானமாக இருந்த அதே சத்த ஏற்ற இறக்கம் இங்கே தூய எண்ணாகவே போகிறது. தலைப்பின் நீட்சிகளையும் மறைக்கும் தரங்கள் இருக்கின்றன. 2023-இல் வந்த கிரிப்டெக்ஸ் அவற்றில் புதியது. செயலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவை இயங்குகின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்முனையில் இருப்பது யார்

இரண்டு கருவிகள் முன்பின் தெரியாமலே பொதுச்சாவி முறையில், அதாவது சாவியின் ஒரு பகுதியை வெளிப்படையாகவே அனுப்பி, ஒரு ரகசியத்தை ஏற்படுத்திக்கொள்ள முடியும். நடுவில் ஒருவர் புகுந்து இரு பக்கமும் தனித்தனிச் சாவி போட்டுக்கொண்டால் அதைக் கருவிகளால் கண்டுபிடிக்க முடியாது. பில் சிம்மர்மன் 2006-இல் முன்வைத்த இசட்ஆர்டிபி இதற்குக் குரலையே பயன்படுத்தியது. சாவியிலிருந்து பிறக்கும் இரண்டு சொற்கள் இருவர் திரையிலும் தோன்றும்; ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்பிட வேண்டும். நடுவில் யாரும் இருந்தால் சொற்கள் மாறிவிடும்.

இரண்டு சொல் என்றால் 16 பிட், அதாவது 65,536-இல் ஒன்று. இவ்வளவு சிறியது எப்படிப் போதும்? முதல் செய்தியிலேயே ஒரு தரப்பு தன் பொதுச்சாவியின் ஹாஷ் மதிப்பை (சாவியை வெளிக்காட்டாத சுருக்க அடையாளத்தை) அனுப்பிக் கட்டுப்பட்டுவிடுகிறது. சாவி பிறகுதான் வெளிப்படும். ஆகவே நடுவில் இருப்பவர் பல சாவிகளைச் செய்து பார்த்து ஒத்து வருவதைப் பொறுக்க வழியில்லை. ஒரே ஒரு முயற்சிதான். தோற்றால் மாட்டிக்கொள்வார். இந்த உறுதிமொழிப் படியை விட்டுவிட்டு இரண்டு சொல்லை மட்டும் காட்டும் செயலி, காப்பு இருப்பதுபோல் தோற்றம்தான் தருகிறது.

இப்போது குரலைப் போலி செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டதால், சொற்களைக் குரலில் ஒப்பிடுவதன் வலு குறைந்திருக்கிறது. நேரில் சந்திக்கும்போது செயலி காட்டும் பாதுகாப்பு எண்ணை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வதும், அது மாறினால் எச்சரிக்கை வந்ததும் அழைப்பை நிறுத்துவதும் அதைவிட உறுதியான வழி.

குழு அழைப்பில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் தனித்தனியே அனுப்பினால் அலைவரிசை தாங்காது. நடுவில் ஒரு சர்வர் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கும். பழைய ஏற்பாட்டில் அந்தச் சர்வர் ஒவ்வொரு பாக்கெட்டையும் திறந்து மறுபடி பூட்டியது. அதாவது அது எல்லாவற்றையும் கேட்கலாம். 2024-இல் தரமான எஸ்பிரேம், கோடெக் சட்டகத்தை முதலில் பயனர்களின் சாவியால் பூட்டிவிட்டு, அதன்மேல் வழக்கமான எஸ்ஆர்டிபி பூட்டைப் போடுகிறது. சர்வர் வெளிப்பூட்டை மட்டும் திறக்கும். ஒருவர் அழைப்பைவிட்டு வெளியேறினால் உள்சாவியை மாற்ற வேண்டும். மாற்றம் எல்லோரையும் எட்டுவதற்குள் சில நூறு மில்லிநொடி பழைய சாவியையும் புதியதையும் இணையாக ஏற்றுக்கொள்ளாத செயலிகளில், ஆள் போகும்போதும் வரும்போதும் குரல் வெட்டுப்படும்.

குவாண்டம் கணினி பற்றிய கவலையும் இங்கே சாவிப் பரிமாற்றத்தோடுதான் நிற்கிறது. 256 பிட் ஏஇஎஸ்ஸால் பூட்டிய குரலுக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் இன்றைய அழைப்பை அதன் தொடக்க உரையாடலோடு சேர்த்துப் பதிவு செய்து வைப்பவர், நாளை அந்தப் பொதுச்சாவியை உடைத்தால் உள்ளே போய்விடலாம். இதற்காக 2024-இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட புதிய சாவிப் பரிமாற்ற முறையான எம்எல்-கெம்மின் நடுத்தர அளவில் பொதுச்சாவி 1184 பைட். இதுவரை பயன்பட்ட எக்ஸ்25519 என்ற முறைக்கு 32 பைட்தான். வழக்கமான இணையப் பாக்கெட்டின் உச்ச வரம்பு 1500 பைட் என்பதால் தொடக்கச் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் துண்டாகும். யுடிபி துண்டுகளைச் சில பிணையங்கள் வழியிலேயே எறிந்துவிடும். அப்போது மணி அடிக்கும், எடுத்தபின் இணைப்பு ஏற்படாது. செய்தியை ஐபி மட்டத்தில் துண்டாக விடாமல் சாவிப் பரிமாற்றத்தை நடத்தும் டிடிஎல்எஸ் அடுக்கிலேயே 1200 பைட்டுக்குள் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மறுமுறை அனுப்பும்படி அமைத்தால் இது தீரும்.